நாற்பது வயதில் அந்தக் கால்கள்



பெருமூளை வாதம் பற்றிய கருத்தரங்குகளுக்குப் போய்வந்தவர்களுக்கு ஒரு காட்சி நன்றாகப் பழகியிருக்கும். திரையில் அடுத்தடுத்து இரண்டு வீடியோக்கள் ஓடும். முதலாவதில் ஐந்தாறு வயதுக் குழந்தை, முழங்கால் இரண்டும் உரச, நுனிக்காலில், அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு தத்தித்தத்தி வரும். அடுத்ததில் அதே குழந்தை, அறுவை முடிந்து ஓராண்டு கழித்து, பாதம் தரையில் பதிய, யாரையும் பிடிக்காமல் நடந்து வரும். அரங்கமே கைதட்டும். நானும் தட்டியிருக்கிறேன், தட்ட வேண்டிய காரியம்தான். ஆனால் மூன்றாவதாக ஒரு வீடியோ இருக்க வேண்டும். அந்தக் குழந்தைக்கு நாற்பது வயதாகி, காலை ஏழே முக்காலுக்கு பஸ் நிறுத்தத்தில் நிற்கிற வீடியோ. அதை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

நான் இயன்முறை மருத்துவன். கத்தி பிடிக்கிறவன் இல்லை. மாவுக்கட்டைப் பிரித்த பிறகுதான் என்னிடம் வருவார்கள். ஆகவே என் பேச்சில் அந்தத் தொழிலின் சாய்வு கொஞ்சம் இருக்கும், அதையும் கழித்துக்கொண்டு கேளுங்கள்.

இங்கே பெற்றோர் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருவிலோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ மூளையில் ஏற்பட்ட காயம்தான் பெருமூளை வாதம், ஆங்கிலச் சுருக்கத்தில் சி.பி. காயம் அத்தோடு நின்றுவிடும், வளராது. ஆனால் உடம்பு வளர்கிறதே! மூளையிலிருந்து சரியான கட்டுப்பாடு வராததால் தசை எப்போதும் இறுகியே கிடக்கிறது. எலும்பு நீளுகிற வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுக்க முடியாது. குதிகால் மேலே தூக்கிக்கொள்ளும், முழங்கால் மடங்கும், தொடைகள் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போகும், சிலருக்கு இடுப்பு மூட்டே நழுவிவிடும். இப்படிக் குழந்தைப் பருவத்தில் படிப்படியாகச் சேருகிற கோணலைத்தான் அறுவை குறிவைக்கிறது. மூளையை யாரும் தொடுவதில்லை.

இந்த நோயை முதலில் விரிவாக எழுதிவைத்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில். 1861ல் அங்குள்ள மகப்பேறு மருத்துவர் சங்கத்தில் அவர் வாசித்த கட்டுரைக்குப் பிறகு நெடுங்காலம் இதை ‘லிட்டில் நோய்’ என்றே அழைத்தார்கள். அவரே காலில் ஊனம் உள்ளவர் என்பது பலருக்குத் தெரியாது. சிறுவயதில் போலியோ வந்து ஒரு பாதம் திரும்பிக்கொண்டது. 1836ல் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய், ஸ்ட்ரோமேயர் என்ற அறுவை மருத்துவரிடம் குதிநாணை வெட்டிச் சரிசெய்துகொண்டு வந்தார். வந்தவர் அதே அறுவையை லண்டனில் செய்ய ஆரம்பித்தார். அறுவை செய்துகொண்ட கால்களோடு வாழ்வது எப்படி என்று அவருக்குச் சொந்த அனுபவம் இருந்தது. அவருக்குப் பின் வந்த எங்களில் பெரும்பாலோருக்கு அது கிடையாது. அதனால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கேட்பதற்கே நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

எலும்பு, தசை அறுவைகளை முதலில் எடுத்துக்கொள்வோம். இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்கள் குழந்தைகளாக இருந்தபோது, ஒரு இடத்தில் கோணலாகத் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வார்கள். இந்த வருஷம் குதிகால், அடுத்த வருஷம் முழங்காலுக்குப் பின்புறம், அதற்கடுத்த வருஷம் தொடை இடுக்கு. கனடாவின் எலும்பு அறுவை மருத்துவர் மெர்சர் ராங் இதைப் ‘பிறந்தநாள் நோய்’ என்று கிண்டலாகச் சொல்வாராம். குழந்தைக்குப் பிறந்தநாள் வருஷா வருஷம் ஆஸ்பத்திரியிலேயே வருகிறதாம். இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. நுனிக்காலில் நடக்கிற குழந்தைக்குக் குதிநாணை மட்டும் அளவுக்கு மீறி நீட்டிவிட்டால், ஓரிரு வருஷம் பாதம் அழகாகப் பதியும். பதின்ம வயதில் உடம்பு கனத்ததும் கெண்டைக்காலில் தாங்குகிற வலு இல்லாமல் முழங்கால் மடங்கி, பாதி உட்கார்ந்த நிலையிலேயே நடக்க வேண்டிவரும். நின்று பாருங்கள், முழங்காலை மடக்கிக்கொண்டு ஒரு நிமிஷம். தொடை எரியும். அந்த எரிச்சலோடு பகல் முழுக்க நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1980களுக்குப் பிறகு நடையைக் கருவிகளால் அளந்து, இடுப்பிலிருந்து பாதம் வரை எங்கெங்கே என்னென்ன தேவை என்று கணக்கிட்டு, எல்லாவற்றையும் ஒரே மயக்கத்தில் முடிக்கிற முறை வந்தது. நல்ல முன்னேற்றம். ஆனால் அதற்கு முந்தைய முறையில் வளர்ந்தவர்கள் நம்மிடையே வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய முழங்கால்கள் பழைய கணக்கைத்தான் சுமக்கின்றன.

இரண்டாவது வகை, நரம்பில் செய்வது. ரைசாட்டமி என்பார்கள். காலிலிருந்து தண்டுவடத்துக்குப் போகிற உணர்வு நரம்பு வேர்களில், தசையை ஓயாமல் இறுக்கச் சொல்லி நச்சரிக்கிற இழைகளை மட்டும் தேர்ந்தெடுத்து வெட்டுவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெஸ்லவ் நகரில் ஃபோர்ஸ்டர் என்ற மருத்துவர் செய்து பார்த்தார். அவர் வேரை முழுசாக வெட்டினார், உணர்ச்சியும் சேர்ந்து போயிற்று. 1970களில் இத்தாலியின் டூரின் நகரில் ஃபசானோ மின்தூண்டல் கொடுத்து, எந்த இழை மிகையாகத் துடிக்கிறது என்று பார்த்து வெட்டினார். 1981லிருந்து கேப் டவுனின் குழந்தைகள் மருத்துவமனையில் வார்விக் பீகாக் அதைச் செப்பம் செய்தார். அங்கிருந்து அந்த முறை அமெரிக்கா போயிற்று; செயின்ட் லூயிஸில் டி.எஸ். பார்க் 1987 முதல் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குச் செய்திருக்கிறார்.

பார்க் குழுவினர் 2017ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். குழந்தையாக இருக்கும்போது ரைசாட்டமி செய்துகொண்ட 95 பேரை, 20 முதல் 28 ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்துக் கேட்டது. கேட்டபோது அவர்களுக்கு 23 வயதிலிருந்து 37 வயதுவரை ஆகியிருந்தது. 91 சதவீதம் பேர் அறுவையால் வாழ்க்கைத்தரம் உயர்ந்தது என்றார்கள். கெட்டது என்றவர்கள் 2 சதவீதம். மற்றவர்களுக்கும் சிபாரிசு செய்வோம் என்றவர்கள் 88 சதவீதம். இந்த எண்களைத்தான் எல்லா மேடையிலும் கேட்பீர்கள். அதே கட்டுரையில் இன்னும் சில எண்களும் இருக்கின்றன. 38 சதவீதம் பேருக்கு வலி, பெரும்பாலும் முதுகிலும் காலிலும். பத்துக்கு நாலரை என்கிற அளவில். 28 சதவீதம் பேருக்கு முதுகெலும்பு வளைவு. அதற்கும் அறுவைக்கும் தொடர்பு உண்டா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நேர்மையான வரி.

கேட்பவர் கொஞ்சம் சந்தேகப் பேர்வழியாக இருப்பது நல்லது. கேட்டது யார்? அறுவை செய்த குழு. பதில் சொன்னது யார்? இத்தனை வருஷம் கழித்தும் தொடர்பில் இருந்து, பதில் சொல்ல மனமிருந்தவர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அறுவை செய்யாத கூட்டம் எதுவும் அந்த ஆய்வில் இல்லை. பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் இரண்டு கால்களில் மட்டும் இறுக்கம் உள்ள, ஓரளவு நல்ல நிலையில் தொடங்கியவர்கள். சுவீடனில் பதினைந்து, இருபது வருஷம் பின்தொடர்ந்து பார்த்தபோது, இறுக்கம் குறைந்தது குறைந்தபடியே இருந்தது. ஆனால் மூட்டு மடங்கி இறுகிப்போவது நிற்கவில்லை. அமெரிக்காவில் ரைசாட்டமி செய்தவர்களையும் செய்யாதவர்களையும் இணை சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில், பிற்காலத்தில் வலியிலோ வாழ்க்கைத் திருப்தியிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரு வித்தியாசம் இருந்தது: செய்யாதவர்கள் எலும்பு, தசை அறுவைகளுக்கு அதிகமாகப் போக வேண்டியிருந்தது. அது சின்ன லாபம் இல்லை. மாவுக்கட்டோடு கோடை விடுமுறை முழுக்கப் படுத்துக் கிடந்த குழந்தையைக் கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் அறுவை வேண்டாம் என்பதற்காக நான் சொல்லவில்லை. குழந்தைப் பருவத்து அறுவை ஒரு நல்ல தொடக்கம் தருகிறது. அதன்பிறகு வருகிற முப்பது, நாற்பது வருஷத்துக்கு யார் பொறுப்பு என்றால் கையைக் காட்ட ஆள் இல்லை. என் புகார் அவ்வளவுதான், மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி. பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். வங்கியில் எழுத்தராக இருக்கிறார், வயது நாற்பத்துமூன்று. பன்னிரண்டு வயதுக்குள் மூன்று தடவை அறுவை. தொடை இடுக்கில் இரண்டு தழும்பு, முழங்காலுக்குப் பின்னால் நீளமாக இரண்டு, குதிகாலுக்கு மேலே இரண்டு. கைத்தடி இல்லாமலே நடப்பார். பார்க்கிறவர்கள் ‘லேசா காலை இழுத்து நடக்கிறாங்க’ என்பதோடு விட்டுவிடுவார்கள். முப்பத்தெட்டாவது வயதில் முழங்கால் வலி தொடங்கியது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவில், ‘இது சி.பி. கேஸ்மா, குழந்தைகள் பிரிவில் காட்டுங்க’ என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கே போனார். சுவரில் முயலும் யானையும் ஒட்டியிருந்த அறை. உயரம் அளக்கிற ஒட்டகச்சிவிங்கி அவருடைய தோள்வரைதான் வந்தது. டோக்கன் கொடுக்கிற பெண் நிமிராமலே, ‘பேஷண்ட் எங்கேக்கா?’ என்றாராம். ‘நான்தான்மா’ என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. மருத்துவர் நல்லவர், பரிவாகப் பேசினார், ஆனால் பதினெட்டு வயதுக்கு மேல் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. பழைய அறுவையில் எதை நீட்டினார்கள், எதை மாற்றிக் கட்டினார்கள் என்ற குறிப்பு எதுவும் கையில் இல்லை. ஆஸ்பத்திரி பழைய கோப்புகளை என்றோ கழித்துவிட்டது.

அப்போது அவருடைய ஒருநாள் எப்படிப் போகும் என்று நான் கேட்டு வாங்கினேன். மாவு ஆட்டுவது, பாத்திரம் துலக்குவது எல்லாம் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்துதான். ஒரு தடவை எழுந்தால் மூன்று வேலையையாவது முடித்துவிட்டுத்தான் மறுபடி உட்காருவார்; எழுவதற்கே காசு கொடுக்க வேண்டியிருப்பதுபோல் கணக்குப் பார்ப்பார். பஸ்ஸில் முன்படி உயரமாக இருந்தால் அந்த பஸ்ஸை விட்டுவிடுவார். மதியம் சாப்பாட்டுக்குக் கீழே கேன்டீனுக்கு இறங்குவதில்லை, டப்பாவைத் திறந்து மேஜையிலேயே முடித்துக்கொள்வார். ‘ஆபீஸ்ல எல்லாரும் நான் கலகலப்பில்லாதவள்னு நினைச்சுக்கறாங்க சார். நான் சாயங்காலத்துக்குக் காலை சேமிச்சு வைக்கறேன்’ என்றார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுக்கை. கல்யாணம், காட்சி என்று யார் அழைத்தாலும் திங்கட்கிழமையை நினைத்து மறுத்துவிடுவார். இதில் நடை எங்கே கெட்டுப்போயிற்று? நடை அப்படியேதான் இருக்கிறது. சுருங்கியது வாழ்க்கை.

இது அவர் ஒருவருடைய கதை இல்லை. இறுகிய தசையோடு நடக்க, மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு சக்தி செலவாகலாம், சிலருக்கு அதற்கும் மேலே. இருபது வயதில் அந்தச் செலவு தெரியாது, முப்பத்தைந்தில் தெரியும். நார்வேயில் பெரியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, ஏறக்குறைய பாதிப் பேர் தங்கள் நடை மோசமாகிவிட்டதாகச் சொன்னார்கள். பலருக்கு அது நாற்பதுக்கு முன்பே தொடங்கியிருந்தது. மூளைக் காயம் வளராது என்று நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்தோம். அதை நம்பியவர்கள், நடை தளர்ந்ததும் ‘நான்தான் பயிற்சியை விட்டுட்டேன்’ என்று தங்களையே திட்டிக்கொண்டார்கள். இது எங்கள் துறை செய்த பாவங்களில் ஒன்று.

வாழ்க்கைத்தரம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? ஐரோப்பாவில் ஏழு நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2007ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள, பெருமூளை வாதம் இருக்கிற ஐந்நூறு குழந்தைகளிடமே நேரடியாகக் கேட்டார்கள். அவர்கள் சொன்ன வாழ்க்கைத்தரம் மற்ற குழந்தைகள் சொல்வதற்கு ஏறக்குறைய ஒத்திருந்தது. ஊனம் எவ்வளவு கடுமை என்பதைவிட, வலி இருக்கிறதா என்பதுதான் வாழ்க்கைத்தரத்தோடு உறுதியாக ஒட்டி நின்றது. பெற்றோரிடம் கேட்டபோது பல அம்சங்களில் குறைத்து மதிப்பிட்டார்கள். அம்மாக்களே, உங்களைக் குற்றம் சொல்லவில்லை. பார்த்துக்கொள்கிற களைப்பில் இருப்பவருக்கு எல்லாம் இருட்டாகத்தான் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அறுவைக்குக் கையெழுத்துப் போடுவது நீங்கள். பலனைச் சொல்ல வேண்டியவர் பிள்ளை. நடுவில் இருபது வருஷம்.

வலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்களிடம் வருகிற பெரியவர்களிடம் ‘வலி இருக்கா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். ‘எப்போதும் இருக்கிறது போகத்தான்’ என்று தொடர்ந்தால், ‘அது இருக்கும்ல’ என்பார்கள். பிறந்ததிலிருந்து கூடவே இருப்பதால் அதற்கு வலி என்று பெயர் வைக்கவே தோன்றவில்லை. முழங்கால், இடுப்பு, கீழ்முதுகு. இதற்கெல்லாம் வைத்தியம் உண்டு. நீரில் செய்கிற பயிற்சி, எடையைக் குறைப்பது, செருப்பை மாற்றுவது, சில இடங்களில் போட்டாக்ஸ் ஊசி, சிலருக்கு மறுபடியும் அறுவைகூட. கேட்டால்தான் கிடைக்கும்.

இன்னொன்று அவசரமானது. கை கால் தானாக ஆடுகிற வகையினருக்குக் கழுத்து ஓயாமல் திருகிக்கொண்டே இருப்பதால், நடுவயதில் கழுத்து எலும்பு தேய்ந்து தண்டுவடத்தை நெரிக்கலாம். கைக்கு இருந்த வலு திடீரென்று குறைகிறது, சிறுநீர் அடக்க முடியவில்லை என்றால், ‘சி.பி.தானே, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டிலும் சொல்லாதீர்கள், மருத்துவர் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள். முதுகில் ரைசாட்டமி செய்துகொண்டவர்களும் முதுகுவலி கூடினால் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் சிகிச்சை நெறிகளை வகுக்கிற நைஸ் அமைப்பு, 2019 ஜனவரியில் பெருமூளை வாதம் உள்ள பெரியவர்களுக்கென்றே தனி வழிகாட்டி நெறி வெளியிட்டது. சிக்கலான தேவை உள்ளவர்களை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், எலும்பு அடர்த்தி, மனநலம், வேலை எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும் என்கிறது. அதை அங்கேயே எல்லா ஊரிலும் நடத்துகிறார்களா என்பது வேறு விஷயம். காகிதத்தில் எழுதிவைத்தால், கேட்கிறவருக்குக் கையில் பிடிமானம் கிடைக்கிறது.

நம்மூரில் பிடிமானம் சட்டத்தில் இருக்கிறது. 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை ஊனங்கள். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு. அதில் 1 சதவீதத்தை, பெருமூளை வாதம் உட்பட உடல் இயக்கக் குறை உள்ளவர்கள் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதே 2016ன் மே மாதத்தில் ஜீஜா கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012ல் கல்கத்தாவில், கருத்தரங்குக்குப் போக விமானத்தில் ஏறி உட்கார்ந்திருந்தவரை, பெருமூளை வாதம் இருக்கிறது என்பதற்காகவே இறக்கிவிட்டார்கள். பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். அந்தம்மாவின் முழங்கால் எத்தனை டிகிரி மடங்கும் என்பது அன்றைக்கு ஒரு பொருட்டாக இருந்ததா? அவருடைய வாழ்க்கைத்தரத்தை அன்று தீர்மானித்தது விமானப் பணியாளர்களின் தலைக்குள் இருந்த ஒரு எண்ணம்.

சென்னையில் பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கான வித்யாசாகர் பள்ளி 1985ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் இத்தகைய பள்ளிகளில் சேர்ந்த குழந்தைகளுக்கு இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. பெற்றோருக்கு எழுபது, எண்பது. தூக்கி உட்காரவைத்த அப்பாவுக்கே இப்போது தூக்கிவிட ஆள் வேண்டியிருக்கிறது. இந்தத் தலைமுறை நமக்கு முதல் அனுபவம். இவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும்.

சக்கர நாற்காலி பற்றி ஒரு சர்ச்சைக்குரிய கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நடக்கிற ஒருவர் முப்பத்தைந்து, நாற்பது வயதில் வீல்சேர் வாங்கினால் வீட்டில் எழவு விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. ‘இவ்வளவு செலவு பண்ணி ஆபரேஷன் பண்ணி நடக்கவச்சோமே’ என்று பாட்டி அழுவார். நான் என் நோயாளிகளில் சிலரிடம் வெளிப்படையாகச் சொல்கிறேன்: வீட்டுக்குள் நடங்கள், ஆஸ்பத்திரிக்கும் பொருட்காட்சிக்கும் ஏர்போர்ட்டுக்கும் சக்கரத்தில் போங்கள். மிச்சமாகும் சக்தியில் புத்தகம் படிக்கலாம், சண்டை போடலாம், காதலிக்கலாம். அந்த வங்கிப் பெண்மணி இரண்டு வருஷம் யோசித்து மோட்டார் வைத்த மூன்று சக்கர வண்டி வாங்கினார். இப்போது தோழிகளோடு ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போகிறார். அம்மா முதல் ஆறு மாதம் அந்த வண்டியைப் பார்க்கவே மாட்டேன் என்றாராம். இப்போது கோயிலுக்கு அதன் பின்சீட்டில் ஏறிப்போகிறார்.

கடைசியாக, பேச்சு முடிந்ததும் வரப்போகிற கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். ‘சார், என் பிள்ளைக்கு ஆபரேஷன் பண்ணலாமா?’ பிள்ளையைப் பார்க்காமல் சொல்லமாட்டேன். ஆனால் மருத்துவரிடம் மூன்று விஷயம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இந்த அறுவையால் என்ன கூடும், நடையா, வலியில்லாமல் உட்காருவதா, துணி மாற்றுகிற வசதியா? அடுத்து என்ன அறுவை வரக்கூடும்? பயிற்சிக்கு எத்தனை மாதம், அதைச் செய்யவைக்க உங்கள் ஊரில் ஆள் உண்டா? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், அறுவையைத் தள்ளிப்போடச் சொல்லுவேன்.

அறுவை முடிந்து வீட்டுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு நின்றுவிடாதீர்கள். ஆபரேஷன் நோட்ஸ் என்று தனியாக இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். அறுவைக்கு முன்னால், பின்னால் எடுத்த எக்ஸ்ரேக்களையும் சேர்த்து ஸ்கேன் எடுத்து மெயிலில் போட்டுவையுங்கள், காகிதத்தில் ஒரு பிரதி பள்ளிச் சான்றிதழ்கள் இருக்கிற பெட்டியிலேயே இருக்கட்டும். பதினெட்டு வயதில் பிள்ளையை உட்காரவைத்து, எந்தத் தழும்பு எதற்காக என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்தக் கோப்பை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். இப்போது கேள்விகள் கேட்கலாம். முன்வரிசையில் வீல்சேரில் இருக்கிற தம்பி வெகுநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், மைக்கை முதலில் அவரிடம் கொடுங்கள்.